மேடையா, கடனா, விடுப்பா: சீனக் கல்லூரி மாணவரின் தொழில்முனைவுக்கு எதை முதலில் தருவது?

சீனாவில் 2025ஆம் ஆண்டில் பட்டம் பெற்று வெளியேறியவர்கள் ஏறத்தாழ 1.22 கோடிப் பேர். 2001இல் இந்த எண்ணிக்கை 11 இலட்சத்தை ஒட்டியே இருந்தது. உயர்கல்வியின் வாயில்களை அகலத் திறப்பதென்று 1999இல் எடுத்த முடிவு, கால் நூற்றாண்டுக்குள் பட்டதாரிகளின் தொகையைப் பத்து மடங்கு பெருக்கிவிட்டது; அவர்களை ஏற்கும் வேலைகள் அந்த வேகத்தில் பெருகவில்லை. 2023 ஜூனில் நகர்ப்புறங்களில் 16 முதல் 24 வயது வரையுள்ளோரின் வேலையின்மை 21.3 விழுக்காட்டைத் தொட்டது. அதையடுத்து அந்தப் புள்ளிவிவரத்தை வெளியிடுவதே சில மாதங்கள் நிறுத்தப்பட்டு, படித்துக்கொண்டிருக்கும் மாணவர்களைக் கணக்கிலிருந்து நீக்கிய புதிய முறையுடன் 2024 ஜனவரியில் மீண்டும் தொடங்கியது. அதே காலத்தில் நடுவண் அரசுப் பணித் தேர்வுக்குத் தகுதி பெற்ற விண்ணப்பதாரர்கள் முதன்முறையாக 30 இலட்சத்தைத் தாண்டினார்கள். அவர்கள் போட்டியிட்ட இடங்களோ 40,000க்கும் குறைவு.

வேலை தேடுவோரில் ஒரு பகுதியினரையாவது வேலை தருவோராக மாற்றலாம் என்ற எண்ணம் சீன அரசுக்குப் புதியதன்று. 2014 செப்டம்பரில் தியான்ஜினில் உலகப் பொருளாதார மன்றம் நடத்திய கோடைக்கால டாவோஸ் மாநாட்டில், மக்கள் அனைவரும் தொழில் தொடங்கவும் புதுமை காணவும் முன்வர வேண்டும் என்ற முழக்கத்தை அப்போதைய பிரதமர் லீ கெச்சியாங் முன்வைத்தார். 2015 மே மாதத்தில் அரசவை (சீனாவின் நடுவண் அமைச்சரவை) வெளியிட்ட ஆணை, எல்லாக் கல்லூரிகளும் தொழில்முனைவுக் கல்வியைப் பாடத்திட்டத்துக்குள் கொண்டுவர வேண்டும் என்றது. 2021 அக்டோபரில் வந்த மற்றோர் ஆணை, கடன், வரிச்சலுகை, இடவசதி ஆகிய மூன்றையும் விரிவாக்கியது. ஆகவே ஊக்குவிப்பதா வேண்டாமா என்பது இப்போது கேள்வியாக இல்லை. எதைக் கொண்டு ஊக்குவிப்பது என்பதே கேள்வி.

சிங்ஹுவா, பெய்ஜிங் பல்கலைக்கழகம் போன்றவற்றை இந்த ஒப்பீட்டிலிருந்து விலக்கிவைக்கிறேன். அவற்றின் வாசலில் முதலீட்டாளர்கள் தாமாகவே வந்து நிற்கிறார்கள். நான் மனத்தில் வைத்திருப்பது, ஹெனான் போன்ற உள்நாட்டு மாகாணம் ஒன்றில், மாகாண அரசின் கீழ் இயங்கும் நடுத்தரக் கல்லூரி. பட்டதாரிகளில் மிகப் பெரும்பாலோர் இத்தகைய கல்லூரிகளிலிருந்துதான் வருகிறார்கள். அளவான நிதியும், தொழில் நடத்திய அனுபவம் அரிதாகவே உள்ள ஆசிரியர்களும் கொண்ட அக்கல்லூரி, அடுத்த மூன்றாண்டுகளுக்குத் தன் பணத்தையும் நேரத்தையும் எதில் இட வேண்டும்? போட்டிகள், கடன், புதுத் தொழில்களுக்கு இடம் தரும் தொழில் வளர் காப்பகம் (இன்குபேட்டர்), படிப்பிடை விடுப்பு, பட்டறை என ஐந்து வழிகள் அதன் முன் உள்ளன.

பெரும்பாலான கல்லூரிகள் தேர்ந்துகொள்வது போட்டிகளைத்தான். இதற்கு ஒரு வரலாறு உண்டு. 1998இல் சிங்ஹுவாவில் தொழில்திட்டப் போட்டி ஒன்று தொடங்கி, மறு ஆண்டே தேசிய அளவுக்கு உயர்ந்தது. 2015இல் கல்வி அமைச்சகம் முன்னின்று நடத்திய 'இணையம் பிளஸ்' போட்டியின் முதல் இறுதிச்சுற்று சாங்சுன் நகரிலுள்ள ஜிலின் பல்கலைக்கழகத்தில் நடைபெற்றது. அவ்வாண்டு அதில் பங்கேற்ற மாணவர்கள் 2 இலட்சத்துக்குச் சற்று மேல். 2023இல் பெயர் மாறிப் பன்னாட்டுப் போட்டியாக நடந்தபோது, பங்கேற்பு 1.7 கோடியை எட்டியிருந்தது. எட்டே ஆண்டுகளில் இவ்வளவு வளர்ந்த ஒரு கல்வித் திட்டத்தை வேறெங்கும் காண்பது கடினம்.

ஆனால் இந்த வளர்ச்சிக்கு இணையாகத் தொழில் தொடங்குவோரின் விகிதம் வளர்ந்ததா என்று பார்த்தால் விடை ஏமாற்றம் தருகிறது. 2015இல் பட்டம் பெற்றவர்களில் உடனடியாகச் சொந்தத் தொழிலில் இறங்கியவர்கள் சுமார் 3 விழுக்காட்டினர். அதன்பின் அந்த விகிதம் உயரவில்லை. அப்படி இறங்கியவர்களிலும் மூன்றாண்டுகளுக்குப் பிறகு தொழிலில் நிலைத்திருந்தவர்கள் பாதிக்கும் குறைவு. இன்னொரு செய்தியும் இங்கே எண்ணிப் பார்க்கத்தக்கது: தொழிற்கல்விக் கல்லூரிகளில் படித்தவர்கள், நான்காண்டுப் பட்டப்படிப்பு முடித்தவர்களைவிடக் கூடுதலான விகிதத்தில் தொழில் தொடங்குகிறார்கள். மேடைப் பயிற்சி மிகுந்த இடத்தில் கடைகள் மிகவில்லை என்பதையே இது காட்டுகிறது.

காரணம் போட்டியின் அமைப்பிலேயே இருக்கிறது. பரிசு பெறுவது திட்ட அறிக்கையும் பவர்பாயிண்ட் உரையும். விற்பனைச் சீட்டு அன்று. தேசிய அளவில் பதக்கம் வென்ற மாணவருக்கு, நுழைவுத் தேர்வின்றி முதுகலையில் இடம் கிடைப்பதற்கான மதிப்பெண் பல கல்லூரிகளில் கூடுகிறது. 2023இல் 47 இலட்சம் பேர் முதுகலை நுழைவுத் தேர்வுக்கு விண்ணப்பித்த நாட்டில் அது சிறிய பரிசன்று. வழிகாட்டிய ஆசிரியருக்கும் பதவி உயர்வில் அது துணைசெய்கிறது. இதன் விளைவாக, பேராசிரியரின் ஆய்வகத்தில் ஏற்கெனவே முடிந்துவிட்ட பணியை மாணவர் பெயரில் மேடையேற்றுவதும், பதக்கம் கிடைத்த மறுநாளே அணி கலைந்துவிடுவதும் வழக்கமாகிவிட்டன. மாணவர்களை நான் குறை கூறவில்லை. பரிசு எந்தத் திசையில் இருக்கிறதோ அந்தத் திசையில்தான் யாரும் ஓடுவார்கள். அந்தத் திசையை முடிவு செய்தவர்களே இதற்குப் பொறுப்பு. எண்ணத்தைத் தெளிவாகச் சொல்லவும் பிற துறை மாணவர்களோடு சேர்ந்து உழைக்கவும் போட்டி கற்பிக்கிறது என்பது உண்மை. அதற்கு ஒரு பருவப் பாடம் போதும். கல்லூரியின் முழு ஆற்றலையும் அதில் இடத் தேவையில்லை.

இரண்டாவது வழி பணம். அரசு உறுதியுடன் தனிநபர் பெறக்கூடிய தொழில்கடனின் உச்சவரம்பு 2020இல் 1.5 இலட்சம் யுவானிலிருந்து 2 இலட்சமாகவும், 2023இல் 3 இலட்சமாகவும் உயர்த்தப்பட்டது. வட்டியின் ஒரு பகுதியை அரசே ஏற்கிறது. காகிதத்தில் இது தாராளமான உதவி. நடைமுறையில், கடனுக்கு உறுதி அளிக்கும் நிறுவனம் மாணவரிடம் மறுபிணை கேட்கும். அதாவது அரசு ஊழியராக இருக்கும் உறவினரின் கையொப்பமோ, பெற்றோரின் வீட்டுப் பத்திரமோ வேண்டும். இரண்டும் உள்ள குடும்பத்துப் பிள்ளைக்குக் கடன் அவ்வளவாகத் தேவைப்படாது. தேவைப்படும் உழவர் வீட்டுப் பிள்ளையிடம் இரண்டும் இரா. இந்த முடிச்சை உணர்ந்துதான் 2021 ஆணை, 1 இலட்சம் யுவானுக்கு உட்பட்ட கடனுக்கு மறுபிணை வேண்டாம் என்றது. அந்த ஓர் ஏற்பாடு, உச்சவரம்பை உயர்த்திய எல்லா அறிவிப்புகளையும்விடப் பயனுள்ளது என்பது என் கருத்து.

கடனை ஒப்பிடும்போது 'எவ்வளவு கிடைக்கும்' என்பதைவிடத் 'தோற்றால் யார் கட்டுவது' என்ற கேள்வி முக்கியமானது. செஜியாங் மாகாணம் 2022 பிப்ரவரியில் இதற்கு நேரடியாக விடை சொன்னது. அங்கே தொழில் தொடங்கும் பட்டதாரி 1 இலட்சம் முதல் 5 இலட்சம் யுவான் வரை கடன் பெறலாம். தொழில் தோற்றுப்போனால் 1 இலட்சம் வரையிலான கடனை அரசே அடைக்கும், அதற்கு மேற்பட்ட பகுதியில் 80 விழுக்காட்டை ஏற்கும். அறிவிப்பு வெளியானதும், மக்களின் வரிப்பணத்தை இளைஞர்களின் சோதனைகளுக்குக் கொட்டுவதா என்றும், கடனைப் பெறுவதற்காகவே பொய்க் கடைகள் முளைக்குமே என்றும் ஐயங்கள் எழுந்தன. இரண்டாவது ஐயம் நியாயமானது. எனினும் 22 வயதில் ஏற்பட்ட கடன் ஒருவரின் திருமணம், வீடு, பெற்றோரின் முதுமை ஆகிய அனைத்தின் மீதும் பத்தாண்டுகள் நிழலாய் விழுகிறது. உடன்பிறந்தோர் இல்லாத ஒற்றைப் பிள்ளைகளாகப் பெரும்பாலோர் வளர்ந்த ஒரு தலைமுறையில், அந்த நிழல் விழுவது இரண்டு முதியவர்களின் மீதும்தான். மோசடிக்கு அஞ்சி அந்தக் காப்பை மறுப்பது, ஏழைப் பிள்ளைகளை மட்டும் வாசலில் நிறுத்துவதாக முடியும்.

இருந்தாலும் செஜியாங்கின் ஏற்பாட்டை ஹெனானில் உள்ள ஒரு கல்லூரி தனியாகச் செய்ய இயலாது. அது மாகாணக் கருவூலத்தின் வலிமையைப் பொறுத்தது. கல்லூரியால் செய்யக்கூடியது, மாணவர்களை அந்த 1 இலட்சத்துக்கு உட்பட்ட மறுபிணையில்லாக் கடனோடு இணைத்துவிட்டு, அதைத் தாண்டி ஆசை காட்டாமல் இருப்பதே. பணம் முன்கூட்டியே பெருகுவதிலும் ஆபத்து இருக்கிறது. 2014இல் பெய்ஜிங் பல்கலைக்கழகத்து இளைஞர்களான டாய் வெய்யும் நண்பர்களும் தொடங்கிய ஓஃபோ மிதிவண்டிப் பகிர்வு, வளாகத்துக்குள் இருந்தவரை எளிமையான, பயனுள்ள ஒரு சேவை. முதலீட்டாளர்களின் பணவெள்ளத்தில் அது நகரங்களெங்கும் பரவி, 2018 டிசம்பரில் 99 அல்லது 199 யுவான் முன்பணத்தைத் திரும்பக் கேட்டு இணையத்தில் வரிசையில் நின்றவர்கள் 1 கோடிக்கு மேல் என்ற நிலைக்கு வந்தது. வளாகம் ஒரு நல்ல முதல் சந்தை என்பதை அந்த நிறுவனம் மெய்ப்பித்தது; வளாகத்தில் கற்றதைப் பணத்தின் வேகம் விழுங்கிவிடும் என்பதையும் சேர்த்தே மெய்ப்பித்தது.

தொழில் வளர் காப்பகங்களைப் பற்றி நீண்டு பேச வேண்டியதில்லை. அரசு முதலீட்டில் இயங்கும் காப்பகங்கள் தம் இடத்தில் சுமார் 30 விழுக்காட்டைக் கல்லூரிப் பட்டதாரிகளுக்கு இலவசமாக ஒதுக்க வேண்டும் என்று 2021 ஆணை கூறுகிறது. அந்த இடம் ஊரில் ஏற்கெனவே இருக்கும்போது, கல்லூரி தானும் ஒரு கண்ணாடிக் கட்டடத்தை எழுப்புவது வீண்செலவு. மாணவரின் தொடக்கக் காலத் தொழில் பெரும்பாலும் விடுதி அறையிலும் கைப்பேசியிலும் நடக்கிறது. அவருக்கு மேசை நாற்காலிக்கா பஞ்சம்? வாங்குபவர்தான் கிடைப்பதில்லை.

நான்காவது வழிக்குச் செலவு மிகக் குறைவு. ஆகவேதான் அதைப் பற்றிப் பேசுவோரும் குறைவு. மாணவர் தம் பதிவை இழக்காமல் தொழிலுக்காகப் படிப்பை இடைநிறுத்தலாம் என்று 2015 ஆணை வழி திறந்தது. 2017 செப்டம்பர் முதல் நடைமுறைக்கு வந்த மாணவர் மேலாண்மை விதிகள் அதை நாடு முழுவதற்கும் பொதுவாக்கி, தொழில் அனுபவத்தைப் பாடமதிப்பாக ஏற்கவும் இடம் தந்தன. இந்த விடுப்பின் உண்மையான மதிப்பை உணர, சீன வேலைச் சந்தையின் ஒரு வழக்கத்தை அறிந்திருக்க வேண்டும். அரசுப் பணிகளிலும் அரசு நிறுவனங்களிலும் பல இடங்கள் புதுப் பட்டதாரிகளுக்கென்றே ஒதுக்கப்படுகின்றன. பெருநகரங்களில் குடியிருப்புப் பதிவு பெறுவதற்கும் அந்தத் தகுதி உதவுகிறது. வாழ்வில் ஒருமுறை மட்டும் கையில் இருக்கும் சீட்டு அது. பட்டம் பெற்றபின் கடை திறந்து சில ஆண்டுகள் போராடித் தோற்றவர், பணத்தோடு அந்தச் சீட்டையும் இழக்கிறார். பட்டம் பெறுமுன் விடுப்பெடுத்துத் தோற்றவரோ, வகுப்புக்குத் திரும்பி, பிறிதோர் ஆண்டில் புதுப் பட்டதாரியாகவே வெளியேறுகிறார். தோல்வியின் விலையை இவ்வளவு குறைக்கும் கருவி வேறொன்றில்லை. இதற்குக் கருவூலம் எதுவும் திறக்க வேண்டியதுமில்லை.

இது வெறும் ஏட்டுக் கணக்கன்று. 2008இல் ஷாங்காய் ஜியாவ்தோங் பல்கலைக்கழகத்தின் விடுதியில், இரவில் பசித்தபோது உணவு தருவிக்க வழியில்லை என்ற சிறு குறையிலிருந்து எலமா என்ற உணவு விநியோக நிறுவனம் பிறந்தது. முதுகலை மாணவராக இருந்த சாங் சூஹாவும் நண்பர்களும் வளாகத்தைச் சுற்றியிருந்த உணவகங்களிலிருந்து விடுதிகளுக்கு உணவு எடுத்துச் சென்றார்கள். பின்னர் படிப்பை இடைநிறுத்திவிட்டு முழுநேரமும் அதில் இறங்கினார்கள். 2018இல் அலிபாபா 950 கோடி டாலர் மதிப்பில் அதை முழுமையாக வாங்கியது. அந்தத் தொகையை ஒவ்வொரு மாணவர் முன்னும் தூண்டிலாக ஆட்டுவது தவறு. நான் கவனிக்கச் சொல்வது அவர்களின் முதல் வாடிக்கையாளர்கள் அடுத்த அறையில் இருந்தார்கள் என்பதையும், திரும்பிச் செல்ல ஒரு வகுப்பறை காத்திருந்தது என்பதையும்தான்.

ஆயினும் விடுப்பு உரிமையைப் பயன்படுத்துவோர் மிகச் சிலரே. பெற்றோரின் அச்சம் முதற்காரணம். கெட்டியான அரசு வேலையைச் சீனர்கள் உடையாத இரும்புச் சோற்றுக்கிண்ணம் என்று அழைக்கிறார்கள். பிள்ளையின் கையில் அது வந்து சேரும்வரை பெற்றோரின் மனம் ஆறுவதில்லை. கல்லூரியின் பங்கும் இதில் உண்டு. விடுப்பிலிருந்து திரும்புபவருக்கு விடுதி இடம் உறுதியாகக் கிடைக்குமா, உதவித்தொகை தொடருமா, விட்ட பாடங்களை எந்தப் பருவத்தில் எடுப்பது என்பவற்றுக்கு எழுத்தில் விடை இல்லாவிட்டால், உரிமை ஆணையில் மட்டும் இருக்கும். ஒரு கல்லூரி இந்த மூன்றுக்கும் இரண்டு பக்கத்தில் தெளிவான விதி எழுதி, சேர்க்கை நாளன்றே பெற்றோர் கையில் கொடுத்தால், அது பத்துப் போட்டிகளைவிடப் பெரிய ஊக்கம்.

ஐந்தாவது வழியான பட்டறை, தொழிலையே பாடமாக்குவது. இதற்கு இரண்டு முகங்கள் உண்டு. ஒன்று செஜியாங் மாகாணத்து ஈவூ நகரம். உலகின் மிகப் பெரிய சிறுபொருள் மொத்தச் சந்தைக்கு அருகில் அமைந்த அவ்வூர்த் தொழிற்கல்விக் கல்லூரி, தாவோபாவ் என்ற இணைய விற்பனைத் தளத்தில் மாணவர் நடத்தும் கடையின் விற்பனையைப் பாடமதிப்பாக ஏற்றது. மாணவர்கள் பகலில் சந்தையில் சரக்கெடுத்து, இரவில் பொட்டலம் கட்டினார்கள். கல்லூரியா, கிடங்கா என்று கேட்டவர்கள் உண்டு. நானும் அதை முழுமையாக ஏற்கவில்லை: விற்பனைத் தொகை மட்டுமே மதிப்பெண் என்றாகிவிட்டால், மலிவாக வாங்கி மலிவாக விற்பதைத் தாண்டி மாணவர் வளர்வதில்லை. ஆனால் சரக்கு தேங்கினால் என்னவாகும், திருப்பி அனுப்பிய பொருளுக்கு யார் பொறுப்பு, கோபத்தோடு எழுதும் வாடிக்கையாளருக்கு என்ன விடை சொல்வது என்பவற்றை அவர்கள் இருபது வயதில் கற்றார்கள். எந்தப் பாடநூலும் அதைத் தந்திருக்காது.

மற்றொரு முகம், தெற்கே ஆலைகள் நிறைந்த டோங்குவான் நகரம். ஹாங்காங் அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் லீ சேஷியாங், தம் மாணவர் வாங் தாவ் 2006இல் ஷென்ஜெனில் தொடங்கிய டிஜேஐ ட்ரோன் நிறுவனத்துக்குத் தொடக்கத்தில் துணைநின்றவர். அந்த அனுபவத்தைக் கொண்டு, 2014இல் டோங்குவானின் சோங்ஷான் ஏரிப் பகுதியில் ரோபோ பட்டறைப் பூங்கா ஒன்றை உருவாக்கினார். இளைஞர்கள் அங்கே ஒரு பொருளை வடிவமைத்து, சுற்றியுள்ள ஆலைகளில் அதன் பாகங்களைச் செய்து வாங்கி, உடைத்து, மறுபடியும் செய்கிறார்கள். தரையைத் துடைத்துத் தன் துணியைத் தானே கழுவும் ரோபோவால் பெயர்பெற்ற நார்வால் நிறுவனம் அங்கிருந்து எழுந்தது. பெரிய கல்வி நிலையத்தின் பெயர் இதற்குத் தேவையில்லை என்பதற்கு வாங் சிங்சிங் சான்று: ஷாங்காய் பல்கலைக்கழகத்தில் முதுகலை படித்தபோது குறைந்த செலவில் நாற்கால் ரோபோ ஒன்றைத் தம் கையாலேயே செய்து, 2016இல் ஹாங்சோவில் யூனிட்ரீ ரோபோ நிறுவனத்தைத் தொடங்கினார். முதலில் பொருள், அப்புறம் நிறுவனம் என்ற வரிசை இவர்கள் எல்லோரிடமும் பொதுவாகக் காணப்படுகிறது. போட்டி மேடைகளில் இந்த வரிசை தலைகீழாக இருக்கிறது.

பட்டறையின் குறை, அது எல்லா ஊரிலும் முளைக்காது என்பதே. டோங்குவானில் ஒரு பல்சக்கரத்தை மாற்றிச் செய்ய ஒருநாள் போதும். ஆலைகள் இல்லாத ஊரில் அதற்கு வாரக்கணக்கில் காத்திருக்க நேரும். ஆகவே நம் ஹெனான் கல்லூரி டோங்குவானை நகலெடுக்கக் கூடாது. தன்னைச் சுற்றி என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஹெனானில் உணவுப்பொருள் தொழில் வலுவானது. 1997இல் அம்மாகாணத் தலைநகரான ஜெங்ஜோவில், படித்துக்கொண்டிருந்த சாங் ஹொங்சாவ் என்ற இளைஞர், பாட்டி கொடுத்த சில ஆயிரம் யுவானைக் கொண்டு துருவிய பனிக்கட்டி விற்கும் சிறு கடை போட்டார். கடை ஒருமுறைக்கு மேல் மூடப்பட்டது. பருவம் மாறியபோது வாங்குவோர் வரவில்லை. கட்டடங்கள் இடிக்கப்பட்டபோது கடையும் போனது. மீஸுவே என்ற பெயரில் ஐஸ்கிரீமும் தேநீர்ப் பானங்களும் விற்கும் பல்லாயிரம் கிளைகளோடு இன்று இயங்கும், 2025 மார்ச்சில் ஹாங்காங் பங்குச் சந்தைக்கு வந்த நிறுவனத்தின் தொடக்கம் அதுதான். அவருக்குக் கிடைத்த மறுபிணையில்லாக் கடன் பாட்டியின் சேமிப்பு. அப்படி ஒரு பாட்டி இல்லாத மாணவருக்கு அந்த இடத்தில் யார் நிற்பது என்பதையே கல்லூரி தன்னிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இவற்றையெல்லாம் எடைபோட்டால், அக்கல்லூரிக்கு நான் பரிந்துரைக்கும் வரிசை இது. முதலில் விடுப்பு விதியை எழுதி நடைமுறைப்படுத்த வேண்டும்; அதற்கு மனம் மட்டும் போதும். இரண்டாவதாக, போட்டிக்காகச் செலவிடும் பணத்தின் பெரும்பகுதியை ஊரின் தொழிலோடு பொருந்திய ஒரு பட்டறைக்குத் திருப்பி, கல்லூரியே முதல் வாடிக்கையாளராக வேண்டும். உணவகத்துக்கான பொட்டலம், விடுதிக்கான சலவை, சேர்க்கைக் காலக் காணொளி என்று கல்லூரி வெளியே வாங்கும் பொருள்களிலும் சேவைகளிலும் சிறு பகுதியை மாணவர் அணிகளிடம் ஒப்பந்தமாகக் கொடுத்து, தரம் குறைந்தால் தயங்காமல் திருப்பி அனுப்பட்டும். அந்த முதல் விலைப்பட்டியலும் முதல் நிராகரிப்பும் எந்தப் பதக்கத்தையும்விட அதிகம் கற்பிக்கும். மூன்றாவதாக, இந்தச் சோதனையைக் கடந்த அணிக்கு மட்டும் 1 இலட்சம் யுவானுக்கு உட்பட்ட கடனுக்கு வழிகாட்டலாம். போட்டி, விருப்பமுள்ளோருக்கு ஒரு பாடமாக இருக்கட்டும். புதுக் கட்டடம் வேண்டாம்.

கல்லூரியின் கையில் இல்லாத ஒன்றை மட்டும் மாகாண அதிகாரிகளிடம் வலியுறுத்த வேண்டியிருக்கிறது. பட்டதாரி தொடங்கும் சிறுதொழிலுக்கான வரிக்கழிவு ஆண்டுக்கு 12,000 யுவானிலிருந்து 2023இல் 20,000 யுவானாக உயர்ந்தது நல்லதே. மூன்றாண்டுகள் கிடைக்கும் அந்தச் சலுகையைப் பெற, பட்டம் பெறும் அதே ஆண்டில் தொழிலைத் தொடங்கியிருக்க வேண்டும். ஒருமுறை வழங்கப்படும் தொடக்க மானியமும் கல்லூரியை விட்டு இரண்டாண்டுக்குள் இருப்பவர்களுக்கே. இந்தக் கெடு, ஓர் ஆலையிலோ கடையிலோ மூன்று நான்கு ஆண்டுகள் வேலை பார்த்து, தொழிலின் நெளிவுசுளிவைக் கற்று, அப்புறம் சொந்தமாக இறங்க நினைக்கும் பொறுமைசாலியைத் தண்டிக்கிறது. ஒன்றும் கற்காமல் அவசரப்படுபவருக்குச் சலுகை கொடுக்கிறது. கெடுவைப் பட்டம் பெற்ற நாளிலிருந்து ஐந்தாண்டாக நீட்டினால், 22 வயதில் கையில் விழுந்த சலுகையை வீணாக்காமல், 26 வயதில் அறிவோடு பயன்படுத்துவோர் வருவார்கள். கல்லூரியும் தன் பட்டதாரிகளின் வேலைநிலையை அவ்வாண்டு இறுதிக் கணக்கோடு மூடிவிடாமல், ஐந்தாம் ஆண்டில் யார் கடை திறந்திருக்கிறது, யார் கடையில் எத்தனை பேர் சம்பளம் வாங்குகிறார்கள் என்று எண்ணிப் பதிவுசெய்யத் தொடங்க வேண்டும்.